க்யூப் ஏறவில்லை, எல்-பாக்ஸ் அடைத்தது: எஸ்.சி.சி.யில் ஸ்டீல் ஃபைபர் என்னதான் செய்கிறது?

எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி: "எம்40 (28 நாளில் 40 மெகாபாஸ்கல் வலு) செல்ஃப் காம்பாக்டிங் கான்கிரீட்டில் (எஸ்.சி.சி., வைப்ரேட்டர் இல்லாமல் தானே ஓடி நிரம்புவது) இரு முனையிலும் ஹூக் உள்ள ஸ்டீல் ஃபைபரை, 60 மி.மீ. நீளம், 0.75 மி.மீ. விட்டம், கன அளவில் 0.5, 1.0, 1.5 சதவீதம் சேர்த்துப் பார்த்தேன். 28 நாள் க்யூப் ஸ்ட்ரெங்த் (கனசதுரத்தை அழுத்தி நொறுக்கி அளக்கும் வலு) அசையவே இல்லை. 1.5 சதவீதத்தில் குறைந்தே போனது. 1.0-லேயே எல்-பாக்ஸில் (கம்பிகளுக்கிடையே கலவை புகுந்து ஓடுகிறதா என்று பார்க்கும் எல் வடிவப் பெட்டி) கலவை அடைத்துக்கொண்டது. ஃபைபர் போட்டால் ஸ்ட்ரெங்த் ஏற வேண்டுமே, எங்கேயோ தப்பு செய்திருக்கிறாய் என்கிறார் கைடு. எங்கே தப்பு?"

க்யூப் ரிசல்ட்டில் தப்பே இல்லை. அது அப்படித்தான் வரும். எல்-பாக்ஸ் அடைத்ததற்குக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபைபரின் நீளம். உண்மையான தப்பு வேறு: ஃபைபர் எங்கே வேலை செய்யாதோ அந்தச் சோதனையில் அதைத் தேடியிருக்கிறீர்கள்.

முதலில் க்யூப். கான்கிரீட் இழுவையில் விரிசல் விடும் தருணத்தில் அதன் ஸ்ட்ரெய்ன், அதாவது நீட்சி விகிதம், ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று. அதே விகிதத்தில் நீண்ட கம்பியில் ஏறும் ஸ்ட்ரெஸ் (பரப்பளவுக்கு இத்தனை என்ற விசை) வெறும் 20 மெகாபாஸ்கல். நீங்கள் வாங்கிய ஃபைபர் சாதாரண ரகமாக இருந்தாலும் 1000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். ஆக, விரிசல் விழும்வரை ஃபைபர் தன் சக்தியில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடக் காட்டுவதில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறது. விரிசல் விழுந்த பிறகுதான் விழிக்கும். க்யூபில் நாம் குறித்துக்கொள்வதோ உச்ச சுமையை மட்டும். உள்ளே நுண்விரிசல்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும் நேரத்தில் ஃபைபர் கொஞ்சம் பிடித்து இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவி சிறியது. 1.5 சதவீதம் வரை ஃபைபர் போட்ட கலவைகளுக்கு அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் அறிக்கை சொல்லும் ஏற்றமே 0 முதல் 15 சதவீதம்தான். அந்த 0 என்பதும் வரம்புக்குள்தான் இருக்கிறது, கவனியுங்கள்.

1.5-ல் ஏன் குறைந்தது? ஸ்டீலின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. 1.5 சதவீதம் என்றால் 118 கிலோ. உங்கள் ஃபைபர் ஒரு கிலோவில் சுமார் 4800 எண்ணிக்கை வரும். 150 மி.மீ. க்யூப் ஒன்றுக்குள் ஏறத்தாழ 1900 கம்பித்துண்டுகளைத் திணித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் க்யூபின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நீளம். வைப்ரேட்டரும் கிடையாது, தட்டவும் கூடாது. காற்று எப்படி வெளியேறும்? முதலில் குறைந்தது அடர்த்தி, அதன் பின்னால்தான் ஸ்ட்ரெங்த். நம்பாவிட்டால் க்யூப் எடைகளை எடுத்துப் பாருங்கள். 118 கிலோ ஸ்டீல் சேர்ந்ததற்கு ஏற்ப ஏறியிருக்க வேண்டிய எடை ஏறியிருக்காது.

எலாஸ்டிக் மாடுலஸும் (கான்கிரீட்டின் விறைப்பு) இதே கதைதான். எம்40-க்கு இந்திய கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 சூத்திரப்படி 31.6 ஜிகாபாஸ்கல். 0.5 சதவீத ஃபைபர் முழுவதும் சுமையின் திசையிலேயே படுத்திருந்தாலும் ஏற்றம் 3 சதவீதத்தைத் தாண்டாது. ஆய்வேட்டில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பத்தி போதும்.

ஆனால் க்யூப் நொறுங்கிய விதத்தைப் பார்த்தீர்களா? ஃபைபர் இல்லாத க்யூப் 'டப்' என்று வெடித்து, மணற்கடிகாரம் போன்ற நடுப்பகுதியை மட்டும் மிச்சம் வைக்கும். ஃபைபர் க்யூப் வயிறு உப்பி, மேலெல்லாம் கீறலோடு, ஒரே துண்டாகக் கையில் வரும். மெஷினின் டயலில் தெரியாத வித்தியாசம் அது. உச்சத்துக்குப் பிறகு வரைபடம் செங்குத்தாக விழாமல் சரிந்து இறங்குவதைத்தான் கண்ணால் பார்க்கிறீர்கள். அந்தச் சரிவை அளக்கத்தான் பீம் டெஸ்ட்.

ஐரோப்பிய ஈ.என். 14651 முறையைச் சொல்கிறேன். 150 × 150 மி.மீ. பீம், தாங்கிகளுக்கிடையே ஸ்பான் 500 மி.மீ. வார்த்த நிலையிலிருந்து 90 டிகிரி புரட்டி, கீழ்முகத்தின் நடுவில் 25 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு. நடுவில் ஒற்றைச் சுமை. வெட்டின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதைக் கிளிப் கேஜ் அளந்துகொண்டே இருக்கும். வாய் திறக்கும் வேகத்தைத்தான் மெஷின் கட்டுப்படுத்த வேண்டும், சுமையை அல்ல. வாய் 0.5 மி.மீ. திறந்தபோது மிச்சமிருக்கும் வலு எஃப்ஆர்1. 2.5 மி.மீ. திறந்தபோது எஃப்ஆர்3. முன்னது தினசரிப் பயன்பாட்டில் விரிசலைக் கட்டுப்படுத்த; பின்னது இறுதித் தாங்குதிறனுக்கு.

இந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முதல் விரிசல் 4, 5 மெகாபாஸ்கலில் வரும். ஃபைபர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ அதே இடம்தான். வெறும் கான்கிரீட் பீம் அங்கேயே இரண்டாக விழுந்துவிடும். ஃபைபர் பீமில் சுமை சட்டென்று ஒரு படி இறங்கும், நிற்கும், பிறகு மெதுவாக மேலே ஏறத் தொடங்கும். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால் உள்ளே 'டிக்... டிக்' என்று கேட்கும். ஒவ்வொரு ஃபைபராக ஹூக் நிமிர்ந்து, சிமெண்டைச் சுரண்டிக்கொண்டு வெளியே வரும் ஓசை. பீமை முழுக்கப் பிளந்து முகத்தைத் தடவிப் பார்த்தால், உருவி வந்த கம்பி முனைகள் முள்ளாகக் குத்தும். முனையில் இருந்த இரண்டு மடிப்பும் ஏறக்குறைய நேராகியிருக்கும்.

இந்த நிமிர்வுதான் ஃபைபரின் உழைப்பு. வளைந்த ஆணியை மரத்திலிருந்து பிடுங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். நேரான ஆணியைவிட ஏன் அவ்வளவு பாடு? ஆணி ஒவ்வொரு வளைவிலும் நிமிர்ந்து நிமிர்ந்து வர வேண்டியிருக்கிறது. ஃபைபர் அறுந்துவிட்டால் இந்த உழைப்பு எதுவும் இல்லை, படக்கென்று போய்விடும். உங்கள் 0.75 மி.மீ. கம்பி 1100 மெகாபாஸ்கல் ரகம் என்று வைத்துக்கொண்டால், அது அறுவதற்கு ஒற்றைக் கம்பியில் சுமார் 490 நியூட்டன், அதாவது 50 கிலோ எடை தொங்க வேண்டும். எம்40-ல் அதற்கு முன் ஹூக் வழுக்கிவிடும், நல்லது. எம்80, எம்90 என்று போகும்போது கான்கிரீட்டின் பிடி இறுகி, ஃபைபர் உருவி வராமல் அறுபடத் தொடங்கும். அப்போது அதிக இழுவலு உள்ள கம்பிக்கு மாற வேண்டும். எஸ்.சி.சி.யில் இந்தக் கவனம் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே தேவை: ஃபிளை ஆஷ் மாதிரி நைசான பவுடர் நிறைய இருப்பதாலும், வைப்ரேட்டர் இல்லாததால் கம்பிக்கடியில் தண்ணீர் தேங்காததாலும், ஃபைபரைச் சுற்றியுள்ள பேஸ்ட் அடர்த்தியாக இருக்கிறது. பிடி அதிகம்.

இனி எஸ்.சி.சி.க்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வின் மையமே இதுவாக இருக்க வேண்டும்: ஃபைபர் எந்தத் திசையில் படுத்திருக்கிறது?

வைப்ரேட்டர் போட்ட சாதாரண கான்கிரீட்டில் ஃபைபர் இருக்கும் இடத்திலேயே கிடக்கும். மிஞ்சிப்போனால் கொஞ்சம் கிடைமட்டமாகச் சாயும். எஸ்.சி.சி. ஓடுகிறது. வாய்க்காலில் வைக்கோல் தாள் மிதந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே விழுந்தாலும் கொஞ்ச தூரத்தில் நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும். பீம் மோல்டின் ஒரு முனையில் ஊற்றி மறுமுனைக்கு ஓடவிட்டால், ஃபைபர்களும் அப்படித்தான் பீமின் நீளத்துக்குத் திரும்புகின்றன. பக்கச் சுவர்களும் அவற்றைத் தள்ளி நேராக்குகின்றன. விரிசலுக்குச் செங்குத்தாக, வேலை செய்ய வசதியான திசை.

எண்ணில் பார்த்துவிடலாம். வெட்டுக்கு மேலே மிச்சமிருக்கும் முகம் 150 × 125 மி.மீ. 0.5 சதவீத ஃபைபர், முப்பரிமாணத்தில் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறியிருந்தால் திசைக்குணகம் (எல்லா ஃபைபரும் விரிசலுக்குச் செங்குத்தாக நின்றால் 1 என்று வைக்கும் அளவு) 0.5. அப்போது அந்த முகத்தைக் கடக்கும் ஃபைபர்கள் 106. நல்ல ஓட்டத்தில் குணகம் 0.8-க்கு வந்தால் 170. கன மீட்டருக்கு அதே 39 கிலோ ஃபைபர், அதே சிமெண்ட், அதே க்யூப் ஸ்ட்ரெங்த். ஆனால் விரிசலைத் தைக்கும் கம்பிகள் ஒன்றரை மடங்குக்கும் மேல். மிச்ச வலு ஏறக்குறைய இந்த எண்ணிக்கையோடுதான் ஓடுகிறது. அதனால்தான் ஒரே அளவு ஃபைபருக்கு வைப்ரேட்டர் போட்ட கலவையைவிட எஸ்.சி.சி. பீம் நல்ல எண் காட்டுவது சகஜம்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஆய்வகத்துக் குறுகிய மோல்டில் கிடைத்த அந்த நல்ல எண், சைட்டில் அப்படியே கிடைக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. ஸ்லாபின் நடுவில் ஊற்றி வட்டமாகப் பரவவிட்டால், ஃபைபர்கள் ஓட்டத்தின் திசையில் நிற்காமல் அதற்குக் குறுக்கே, குளத்தில் கல் விழுந்த வளையம் போல வரிசை கட்டும். ஆரக்கால் மாதிரி விரியும் விரிசல்களுக்கு அது அருமை. வளையமாக வரும் விரிசலுக்கு ஒன்றுமில்லை. சுவரை ஒரு மூலையிலிருந்து ஊற்றினால் கிடைமட்ட வலு நன்றாக இருக்கும், செங்குத்துத் திசையில் ஏமாற்றும். இரண்டு பக்கத்திலிருந்து ஊற்றி நடுவில் சந்திக்கவிட்டால், சந்திக்கும் கோட்டை ஃபைபர்கள் தாண்டுவதே குறைவு. கண்ணுக்குத் தெரியாத ஜாயின்ட் அது. எங்கே ஊற்றுவது என்ற முடிவை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு டிசைனர் எஃப்ஆர்3 எண்ணை நம்பிக்கொண்டிருப்பதுதான் இந்தத் துறையில் என்னை உறுத்தும் விஷயம். டிராயிங்கில் கம்பி திசை போடுகிறோம். ஊற்றும் புள்ளியையும் போட வேண்டும்.

எல்-பாக்ஸுக்கு வருவோம். எஸ்.சி.சி. பிறந்ததே வைப்ரேட்டர் இல்லாமல், கம்பி நெருக்கத்திலும் தானே நிரம்பத்தான். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒகமுரா 1986-ல் யோசனையை வைத்தார், 1988-ல் முதல் மாதிரிக் கலவை வந்தது. ஜப்பானில் திறமையான கான்கிரீட் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்; ஆள் கை சரியில்லாவிட்டாலும் தானே நிரம்பும் கான்கிரீட் வேண்டும் என்பது அவர் கவலை. ஜப்பானின் அகாஷி கைக்யோ தொங்குபாலத்தின் ஆங்கரேஜ் (கேபிள்களைப் பிடித்து நிறுத்தும் கட்டுமானம்) வேலை இரண்டரை வருடத்திலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்ததில் எஸ்.சி.சி.க்குப் பங்குண்டு. அப்படிச் சந்து பொந்தில் புகுவதற்காகவே உருவான கலவையில் நாம் 60 மி.மீ. கம்பித்துண்டுகளைக் கொட்டுகிறோம். முரண்பாடு தொடக்கத்திலேயே இருக்கிறது.

மூன்று கம்பி எல்-பாக்ஸில் கம்பிகளுக்கு இடைவெளி 41 மி.மீ. உங்கள் ஃபைபர் 60. குறுக்கே வந்த ஒன்று இரண்டு கம்பியிலும் சாய்ந்து நிற்கும், அடுத்தது அதன்மேல், பிறகு ஜல்லி. கட்டில் கயிறு பின்னியது போல ஆகிவிடும். கலவை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நீளமும் இடைவெளியும் ஒத்துவரவில்லை. இரண்டு கம்பி எல்-பாக்ஸில் இடைவெளி 59, அங்கேயும் 60 மி.மீ. ஃபைபர் திண்டாடும். கம்பி இடைவெளி ஃபைபர் நீளத்தின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 30 அல்லது 35 மி.மீ. ஃபைபருக்கு இரண்டு கம்பி பெட்டி பொருந்தும், பெட்டியின் கடைசியில் நிற்கும் கலவை உயரம் தொடக்கத்து உயரத்தில் 0.8 பங்கை எட்டுவது சாத்தியம். கம்பியே இல்லாத தரைக்கோ, ஃபைபர் மட்டும் உள்ள ஸ்லாபுக்கோ கலவை செய்கிறீர்கள் என்றால் எல்-பாக்ஸ் தேவையே இல்லை. ஸ்லம்ப் ஃப்ளோவும் (தட்டில் எவ்வளவு விரிகிறது) வி-ஃபனலும் (புனலில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது) போதும் என்று எழுதி, காரணத்தையும் எழுதுங்கள்.

கலவையையும் மாற்றியாக வேண்டும். ஃபைபர் இல்லாத எஸ்.சி.சி.யில் அப்படியே ஃபைபரைக் கொட்டிவிட்டு, ஓடவில்லை என்றால் பிளாஸ்டிசைசரை (கலவையை இளக்கும் மருந்து) மட்டும் ஏற்றுவதுதான் பெரும்பாலான ஆய்வேடுகளில் நடக்கிறது. ஒவ்வொரு ஃபைபரும் தன்னைச் சுற்றி ஒரு பூச்சு பேஸ்ட் கேட்கும். அதை எங்கிருந்தாவது கொடுக்க வேண்டும்: ஜல்லியைக் குறையுங்கள், அதிலும் 20 மி.மீ. ஜல்லியை விட்டுவிட்டு 12.5-க்குள் நில்லுங்கள், மணலையும் பவுடரையும் ஏற்றுங்கள். எம்-சாண்ட் என்றால் அதில் இருக்கும் டஸ்ட்டையும் பவுடர் கணக்கில் சேருங்கள். பேஸ்டைக் கொடுக்காமல் வழவழப்பை மட்டும் கொடுத்தால் ஃபைபர் அடியில் உட்கார்ந்துவிடும். ஸ்டீலின் அடர்த்தி 7850 எங்கே, கான்கிரீட்டின் 2400 எங்கே.

ஸ்லம்ப் ஃப்ளோ தட்டிலேயே இது தெரியும். கோனைத் தூக்கியதும் கலவை 700 மி.மீ. விரியும், அளவில் பாஸ். ஆனால் நடுவில் ஃபைபரும் ஜல்லியும் ஒரு சின்ன மேடாக நின்று, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் சிமெண்ட் பால் வளையம் இருந்தால் அந்தக் கலவை ஃபெயில். விட்டத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், போட்டோ எடுங்கள். 660 முதல் 750 வரையிலான எஸ்.எஃப்.2 வகுப்பு ஃபைபருக்குத் தோது. 800 காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சேர்க்கும் வரிசை பற்றி ஒரு பழைய அனுபவம். ஒரு கிடங்குத் தரை வேலையில், நேரமாகிவிட்டது என்று ட்ரான்சிட் மிக்சரின் வாயில் மூட்டை மூட்டையாக ஃபைபரைக் கவிழ்த்தார்கள். அரை மணி கழித்து மிக்சரின் சரிவுத் தகட்டில் இறங்கியது கான்கிரீட் அல்ல, தேங்காய் பருமனுக்கு முள்ளம்பன்றிகள். உடைத்துப் பார்த்தால் உள்ளே உலர்ந்த கம்பிப் பந்து, ஒரு சொட்டு சிமெண்ட் போகவில்லை. அந்த லோடைத் திருப்பி அனுப்பினோம். கலவை முழுதாக ஓடத் தொடங்கிய பிறகு, கடைசியாக, டிரம் வேகமாகச் சுற்றும்போது, நிமிடத்துக்கு 40 கிலோவைத் தாண்டாமல் தூவ வேண்டும். பசை போட்டு ஒட்டிய பட்டை ஃபைபர் என்றால் பசை கரைந்து பிரியும்வரை சுற்றவிடுங்கள். ஆய்வகப் பேன் மிக்சரில் கையால் உதிர்த்துப் போடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

மற்ற குணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ளிட் டென்சைல் (சிலிண்டரைப் படுக்கவைத்து அழுத்திப் பிளக்கும் சோதனை) எண் ஏறும், ஆனால் விரிசலுக்குப் பிறகு சிலிண்டர் பிளவாமல் சுமையைத் தாங்கிக்கொண்டே போவதால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதே குழப்பம். அதை வைத்து வாதம் கட்டாதீர்கள். ஷியரில் (வெட்டு விசையில்) பலன் உண்மையானது: அமெரிக்க ஏ.சி.ஐ. 318 விதி 2008 முதலே, 600 மி.மீ.க்கு மேல் ஆழம் இல்லாத பீமில், குறைந்த ஷியர் உள்ள இடத்தில், கன மீட்டருக்கு 60 கிலோவுக்குக் குறையாமல் ஸ்டீல் ஃபைபர் போட்டால் குறைந்தபட்ச ஸ்டிரப்புக்கு (பீமில் கட்டும் வளையக் கம்பி) பதிலாக ஏற்கிறது. சுத்தியல் விழும் இம்பாக்ட் டெஸ்டில் அடி எண்ணிக்கை பல மடங்கு ஏறும்; ஒரே கலவையில் வார்த்த இரண்டு தட்டு மாதிரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண் காட்டுவதும் அங்கேதான். எஸ்.சி.சி.யில் பேஸ்ட் அதிகம் என்பதால் சுருக்கமும் அதிகம். ஃபைபர் அந்தச் சுருக்கத்தை நிறுத்தாது. ஒரு பெரிய விரிசலைப் பல மயிரிழை விரிசல்களாகப் பிரித்துவிடும். தீயில் கான்கிரீட் தெறிப்பதை ஸ்டீல் தடுக்காது, அதற்கு பாலிப்ரொப்பிலீன் வேண்டும். மேற்பரப்பில் துருப்புள்ளிகள் வரும், பார்க்க அசிங்கம், வலுவுக்குக் கேடில்லை.

குறுகிய ஃபைபர் நிறையப் போட்டும் தானே ஓடும் கலவை சாத்தியமா என்று சந்தேகம் வரலாம். 13 மி.மீ. நீளம், 0.2 மி.மீ. விட்டம், 2 சதவீதம்: அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் கான்கிரீட்டில் இதுதான் வழக்கமான அளவு. கனடாவின் ஷெர்புரூக் நடைபாலம் (1997), சியோலின் 120 மீட்டர் வளைவுள்ள சோன்யு நடைபாலம் (2002) இரண்டும் இந்த வழியில் வந்தவை. அங்கே ஜல்லியே கிடையாது, அதனால்தான் இடம் இருக்கிறது.

உங்கள் ஆய்வேட்டுக்கு இப்போது என்ன செய்யலாம்? 1.5 சதவீதத்தைக் கைவிடுங்கள், அது எஸ்.சி.சி.யே அல்ல. 0.25, 0.5, 0.75 எடுங்கள். 60 மி.மீ.யை வைத்துக்கொண்டே 35 மி.மீ. நீளம், 0.55 விட்டம் உள்ளதையும் ஒரு வரிசையாகச் சேருங்கள். அதில் கிலோவுக்குப் பதினைந்தாயிரம் எண்ணிக்கை வரும், சின்ன விரிசலில் நன்றாகப் பிடிக்கும், அகன்ற விரிசலில் நீளமானது ஜெயிக்கும். பீம்களை ஈ.என். 14651 சொல்கிறபடி ஒரே ஊற்றலில் நிரப்பி, தட்டாமல் மட்டம் செய்யுங்கள். ஒரு கலவைக்கு மூன்று பீம் போதாது, சிதறல் அதிகம், குறைந்தது ஆறு வேண்டும். எஃப்ஆர்1-ஐ முதல் விரிசல் வலுவோடு ஒப்பிடுங்கள், எஃப்ஆர்3-ஐ எஃப்ஆர்1-ஓடு ஒப்பிடுங்கள்: சர்வதேச கான்கிரீட் அமைப்பான ஃபிப்பின் மாடல் கோட் 2010 கம்பிக்குப் பதிலாக ஃபைபரை ஏற்க முதல் விகிதம் 0.4-க்கும் இரண்டாவது 0.5-க்கும் மேல் கேட்கிறது.

கிளிப் கேஜும் வாய்த்திறப்புக் கட்டுப்பாடும் உள்ள மெஷின் உங்கள் கல்லூரியில் இல்லை என்றால்கூட ஒரு வேலை செய்யலாம், பைசா செலவில்லை. உடைந்த ஒவ்வொரு பீமையும் முழுக்கப் பிளந்து, இரண்டு முகத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைபர்களை எண்ணுங்கள். மேல் பாதி, கீழ் பாதி தனித்தனியாக. கீழே 80, மேலே 30 என்று வந்தால் கலவை பிரிந்திருக்கிறது. 60 மி.மீ. ஃபைபர் 0.5 சதவீதம் போட்ட பீமில் மொத்தம் 106-ஐ ஒட்டி வந்தால் ஓட்டம் ஃபைபரைத் திருப்பவில்லை, 150-ஐத் தாண்டினால் திருப்பியிருக்கிறது. அந்த எண்ணிக்கையை எக்ஸ் அச்சில் போட்டு மிச்ச வலுவை ஒய் அச்சில் போடுங்கள். கைடிடம் க்யூப் ரிசல்ட்டுக்கு முன்னால் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.